பொங்கலுக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம்

போதும் அக்கா, மிச்சத் தண்ணீரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் இன்னொரு விமானம் ஏறி இறங்க வேண்டுமே. எனக்கு ஒன்றுமில்லை. மகன் இப்போதுதான் போன் பண்ணினான். நல்ல சேதிதான். சும்மா கண் கலங்கிவிட்டது.

உங்களைப் பார்த்ததுமே தமிழ் ஆள் என்று தெரிந்துவிட்டது. இந்த வரிசையைப் பாருங்கள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இத்தனை பேரில் கால் வலிக்காரர் எத்தனை பேர்? எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கன்வென்ஷன் ஜெபக் கூட்டம் என்றால் பக்கத்து ஊருக்கு நடந்தே போய் நடந்தே வருவேன். பாஷை தெரியாததற்குத்தான் இந்த நாற்காலி. மருமகன் சொல்லி ஏற்பாடு பண்ணிவிட்டார். வாய் ஊமை என்று சொல்ல வெட்கப்பட்டுக் காலை நொண்டியாக்கிவிட்டோமே என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் அப்படித்தானா? கும்பகோணமா? நல்லது. நான் தூத்துக்குடிப் பக்கம். பேர் ஜெபக்கனி.

சேதி என்னவென்றால், என் மகன் கிதியோன் ஊரில் புது வீடு கட்டியிருக்கிறான். அடுத்த வாரம் வீட்டுப் பிரதிஷ்டை. எங்களில் புது வீடு என்றால் ஐயர் வந்து ஜெபம் பண்ணுவார். ஐயர் என்றால் உங்கள் ஊர் ஐயர் இல்லை, எங்கள் சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஜெபம் முடிந்ததும் பெற்ற தாய் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பால் காய்ச்ச வேண்டும். அதற்காகத்தான் அமெரிக்காவில் மகள் வீட்டிலிருந்து கிளம்பி வருகிறேன். இப்போது போனில் சொல்கிறான், பிரதிஷ்டையைப் பொங்கலுக்குத் தள்ளி வைத்துவிட்டார்களாம். மருமகளின் தம்பிக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லையாம். ஒரே தம்பி. அவன் இல்லாமல் அந்தப் பிள்ளை எப்படிப் பிரதிஷ்டை வைக்கும்? நியாயம்தானே? "நீ ஒண்ணும் நினைக்காதம்மா. வா. வந்து மெதுவா சாமான் ஒதுக்கலாம், பிள்ளைகளையும் பாத்துக்கிடலாம்" என்கிறான். எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

நல்லதுதான் அக்கா. தேதி என்றால் முன்னே பின்னே ஆகத்தானே செய்யும். ஆனால் இதை என் மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. உங்களுக்கு இன்னும் கூப்பிட நேரமிருக்கிறதல்லவா? சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

மகள் பேர் பியூலா. வயது முப்பத்துமூன்று. ஒரே குழந்தை, ஷாரன், மூன்று வயது முடிந்திருக்கிறது. எத்தனையோ வருஷம் ஜெபித்துக் கிடைத்த பிள்ளை. மருமகன் ஆசீர் தங்கமானவர். கம்ப்யூட்டர் வேலை. அதிர்ந்து பேச மாட்டார். நல்லதோ கெட்டதோ, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடுவார்.

போன கோடையில் பியூலா போன் பண்ணினாள். நான் படிக்கப் போகிறேன், நீ வந்து ஷாரனைப் பார்த்துக்கொள் என்றாள். இந்த வயதில் என்ன படிப்பு, பைபிள் காலேஜா என்று கேட்டேன். இல்லையாம், இஞ்சினியரிங்காம். பாலம் கட்டுகிற இஞ்சினியரிங். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மகள் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? ஜூலையிலேயே போய் இறங்கிவிட்டேன். ஜனவரி வரைக்கும் இருக்கலாம் என்று முத்திரை குத்தினார்கள்.

அந்தக் கல்லூரியைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது அக்கா. கம்யூனிட்டி காலேஜ் என்கிறார்கள். உங்கள் மகன் வீட்டுப் பக்கமும் இருக்குமே. கோபுரம் மாதிரிக் கட்டிடம் எல்லாம் கிடையாது. காய்கறிக் கடைக்கு எதிர்த்தாற்போல, நம் ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி நீளமாக இரண்டு கட்டிடம். யார் வேண்டுமானாலும் சேரலாமாம். சமையல் படிக்கிறவரும் அங்கேதான், நர்ஸ் படிப்பும் அங்கேதான், இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்கிற கிழவரும் அங்கேதான். சீட்டுக்கு அலையாத படிப்பு ஒரு படிப்பா? "மேனேஜ்மெண்ட் கோட்டாவாம்மா?" என்று கேட்டேன். பியூலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு என்னை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினாள். இங்கே இரண்டு வருஷம் படிக்க வேண்டுமாம். ஒப்புக்கொண்ட பாடம் எதையும் பாதியில் விடாமல், சொன்ன மார்க்குக்குக் குறையாமல் முடித்தால், பெரிய பல்கலைக்கழகத்திலே நேராக மூன்றாம் வருஷத்தில் போய் உட்காரலாமாம். அந்தப் பல்கலைக்கழகம் எங்கோ மலை மேலே இருக்கிறது, பெரிய பெரிய மண்டை எல்லாம் படிக்கிற இடம். "இடம் இப்பவே உறுதிம்மா, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாச்சு" என்றாள். சொல்லும்போது அவள் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனாலும் சனிக்கிழமை தமிழ் விசுவாசிகள் கூடி ஜெபிக்கிற ஐக்கியக் கூட்டத்துக்குப் போனபோது, மகள் என்ன செய்கிறாள் என்று பெண்கள் கேட்டார்கள். அங்கே எல்லார் பிள்ளைகளும் டாக்டர், பிஎச்டி. நான் என்ன சொல்ல? "சும்மா பொழுது போகணும்ல, ஏதோ சின்னக் கோர்ஸ் ஒண்ணு படிக்கா" என்றேன். திரும்பினால் பியூலா காகிதத் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறாள். தட்டை வரிசையாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அவளுக்காகத்தானே சொன்னேன்? பெரிதாகச் சொல்லிப் பிறகு முடிக்காமல் போனால் அவளுக்குத்தானே கேவலம்?

ஆமாம், முன்னாலேயே படித்தவள்தான். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஊரிலே இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல மார்க். அப்போதுதான் ஆசீர் வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். அமெரிக்க மாப்பிள்ளை, விசுவாசக் குடும்பம், வரதட்சணைப் பேச்சே கிடையாது. பியூலா படிப்பு முடியட்டும் என்றாள். அவளுடைய அப்பா அப்போது உயிரோடு இருந்தார், அவரும் யோசித்தார். நான்தான் முழங்காலில் நின்றேன். எங்களில் சிலர் கர்த்தரிடம் அடையாளம் கேட்போம் அக்கா. உங்கள் பக்கத்தில் சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்களே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்னது நடந்தால் உமக்குச் சித்தம், நடக்காவிட்டால் சித்தமில்லை என்று வைத்து ஜெபிப்பது. வேதத்தில் கிதியோன் என்று ஒருவர் அப்படித்தான் ஆட்டுத் தோலைப் போட்டு அடையாளம் கேட்டார். அந்தப் பேரைத்தான் மகனுக்கு வைத்தேன்.

நான் கேட்டது இதுதான். ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து கல்யாணத் தேதி கேட்டால் இது உம்முடைய காரியம். அப்படியே நடந்தது. சனிக்கிழமையே வந்து நின்றார்கள். மாப்பிள்ளைக்கு மூன்று வாரம்தான் லீவு, அதற்குள் முடித்தாக வேண்டும் என்றார்கள். எனக்குப் புல்லரித்துப் போனது. ஞாயிறு கேட்டேன், சனிக்கிழமையே கொடுத்தார்.

ஆசீரின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், அங்கே போய் எத்தனை வேண்டுமானாலும் படிக்கட்டும், படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது என்று. அதை நான் பியூலாவிடம் சொன்னேன். வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் மக்கா, படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது என்று. அவள் சரி என்றாள். என் பேச்சை மீறாத பிள்ளை.

பிறகு பாருங்கள், அங்கே போனால் ஒரு வருஷம் ஒரு ஊர், அடுத்த வருஷம் வேறு ஊர். ஆசீருக்கு வேலை அப்படி. பிறகு குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரி. பிறகு குழந்தை. யாரைக் குறை சொல்ல? காலம் போனது தெரியவில்லை.

இருக்கட்டும். இந்தத் தடவை ஆகஸ்டு கடைசியில் வகுப்பு தொடங்கியது. காலையில் நான் ஷாரனை எழுப்பி இட்லி ஊட்டும்போதே பியூலா கிளம்பிவிடுவாள். தோளில் ஒரு பை, ஷாரன் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. கணக்கிலே முதலில் திணறினாள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளெல்லாம் டக் டக்கென்று போடுகிறதாம், இவளுக்குப் பழையது எல்லாம் மறந்து போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. விட்டுவிடுவாள், வீட்டைக் கவனிப்பாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. குக்கர் சத்தம் கேட்டால்கூடக் காதில் விழாது, அப்படி உட்கார்ந்து போடுவாள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் இவளிடம் சந்தேகம் கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். "பியூலா, பியூலா" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறது எல்லாம். அத்தை என்று கூப்பிடச் சொல்லேன் என்றேன். அதற்கும் சிரித்தாள்.

சோதனைக்கூடத்தில் அவளுக்கு ஜோடி ஒரு வெள்ளைத் தாடிக்காரர். முன்னால் லாரி ஓட்டினவராம். எனக்கு மூத்தவராக இருப்பார். இவர் படித்து எப்போது பாலம் கட்டி, எப்போது அதில் நடக்க என்று நான் கேட்டேன். பியூலாவுக்கு வந்ததே கோபம். "அவருகிட்ட யாரும் அப்படிச் சொல்லலம்மா. அதான் படிக்காரு" என்றாள். அவள் அப்படி எடுத்தெறிந்து பேசி நான் கேட்டதில்லை. அந்த ஊர்ப் பழக்கம், என்ன செய்ய.

பொய் சொல்லக் கூடாது அக்கா, அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். பாத்திரம் கழுவும்போது கீர்த்தனை பாடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடி நான் கேட்கவே இல்லை.

அப்புறம் அந்தப் பாலம். வகுப்பில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். நீளச் சேமியா மாதிரி வெள்ளைக்காரர்கள் தின்கிற ஒன்று இருக்கிறதே, அதைப் பச்சையாகவே பசை வைத்து ஒட்டிப் பாலம் கட்ட வேண்டும். நடுவில் எடையைத் தொங்கவிட்டு யார் பாலம் கடைசி வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். சாப்பாட்டு மேஜை பூராவும் அதுதான். தின்கிற சாமானை இப்படிப் பாழ் பண்ணுகிறாயே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முக்கோணம் முக்கோணமாக, சிலந்தி வலை மாதிரி. ஷாரனை மேஜைப் பக்கமே விடாமல் நான்தான் காவல் இருந்தேன்.

போட்டியன்று சாயங்காலம் பியூலா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். முடியெல்லாம் கலைந்து கிடக்கிறது. "எம்மா, என் பாலம் தாங்கிருச்சு. எல்லாரு பாலத்தையும் விட என் பாலம் தாங்கிருச்சு" என்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் கிதியோனோடு பேசிக்கொண்டிருந்தேன். பிரதிஷ்டைக்கு நவம்பரில் தேதி குறித்துவிட்டோம், நீ வந்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு விடியற்காலை, தூக்கத்தை விட்டுப் பேசுகிறான். நான் பியூலாவைப் பார்த்து, ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, என்னமோ சொன்னியே மக்கா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பாலத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. எவ்வளவு எடை தாங்கியது என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் அவளிடம் அண்ணன் வீட்டுப் பிரதிஷ்டையைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். எந்தத் தேதி என்று கேட்டாள். சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டிசம்பர் நடுவில்தான் அவளுக்குப் பரீட்சை முடியுமாம். அதுவரைக்கும் இரும்மா, முடிந்த மறுநாளே நானே ஏற்றிவிடுகிறேன் என்றாள். நான் என்ன செய்ய? அண்ணனிடம் ஒரு மாதம் தள்ளி வைக்கச் சொல் என்றாள்.

அதை எப்படி அக்கா கேட்பது? ஆண் பிள்ளை, முதல் முதலாக வீடு கட்டியிருக்கிறான். மருமகள் என்ன நினைப்பாள்? மகள் வீட்டுச் சோறு ருசித்துவிட்டது என்று நினைக்க மாட்டாளா? குறித்த தேதியை மாற்றச் சொல்வது அபசகுனம் மாதிரி. நாங்கள் சகுனம் பார்க்கிறவர்கள் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரியவர்கள் குறித்த தேதியை யாராவது மாற்றுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

ஆமாம், இப்போது மாற்றிவிட்டார்கள். அது அந்தத் தம்பிக்கு லீவு இல்லாததால். அது வேறு.

நான் கிதியோனிடம் கேட்கவில்லை. கர்த்தரிடம் கேட்டேன். அவரை விடப் பெரிய ஆள் யார்? இரண்டு நாள் ஒரு நேரம் உபவாசம் இருந்து அடையாளம் வைத்தேன். ஆண்டவரே, அந்தத் தேதிக்கு முன்னால் ஊர் போய்ச் சேருகிற மாதிரி, ஒரே இடத்தில் மாறி ஏறுகிற மாதிரி, எனக்கு ஒரு டிக்கெட் கிடைத்தால் நான் போவது உமக்குச் சித்தம். ஆசீரிடம் பார்க்கச் சொன்னேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிறது அத்தை என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண்ணீர் வந்துவிட்டது. "அந்த நாள் மட்டும் இல்ல அத்தை, எல்லா நாளும் இருக்கு. டிசம்பர்லயும் நிறைய இருக்கு" என்றார். அவர் பாவம், அவருக்கு இந்த ஆழமெல்லாம் தெரியாது. நான் டிசம்பரையா கேட்டேன்? நான் கேட்ட நாளுக்கு இருந்ததே, அதுதானே பதில்?

ஷாரனை விட இடம் தேடினாள் பியூலா. தேடாத இடமில்லை. அங்கே குழந்தையை விடுகிற இடத்துக்கெல்லாம் மாதக் கணக்கில் முன்னாலேயே பேர் கொடுத்து வைக்க வேண்டுமாம். ஐக்கியத்துப் பெண்களிடம் நானே கேட்டுப் பார்த்தேன். சின்னக் கோர்ஸ்தானே, அடுத்த தடவை படிக்கட்டுமே என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் பியூலா பிள்ளையை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு போனாள். பின்னால் ஒரு மூலையில் வர்ணம் தீட்ட வைத்திருக்கிறாள். சோதனைக்கூடத்துக்குள் குழந்தையை விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆசீர் வேலையை விட்டு வர முடியுமா? உன் இஷ்டம் பியூலா என்றார். நல்லவர், எதற்கும் தடை சொல்ல மாட்டார்.

கடைசியில் ஒருநாள் இரண்டு பாடத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்றாள். மற்றதை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படித்துவிடலாமாம், அந்த இரண்டும்தான் முக்கியமான பாடமாம். நான் ஆறுதல் சொன்னேன். பெற்றவள் சொல்ல மாட்டேனா? மக்கா, இடம் உறுதி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே. சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து நிச்சயமான பெண்ணை எவன் தூக்கிக்கொண்டு போவான்? உனக்கென்று நிச்சயமான இடம், அடுத்த வருஷம் போய் உட்கார், படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது என்றேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஷாரனுடைய சட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எம்மா, விடாமப் படிச்சாத்தான் அந்த உறுதி. நடுவுல விட்டா அது அத்தோட போச்சு. அவங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க."

"அப்படியெல்லாம் சொன்ன வாக்கை மாத்துவாங்களா மக்கா?"

"வாக்கை அவங்க மாத்தலம்மா." சட்டையை மடித்து அடுக்கில் வைத்தாள். பிறகு சொன்னாள், "போன தடவையும் நீ இதத்தாம்மா சொன்னே."

சண்டை போடுகிற மாதிரிச் சொல்லவில்லை அக்கா. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். போன தடவை என்றால் எந்தத் தடவை? என்ன சொன்னேன்? அதற்கு முன்னால் நான் அமெரிக்கா போனது ஷாரன் பிறந்தபோது. அப்போது படிப்புப் பேச்சே வரவில்லையே. பிள்ளைகள் என்னத்தையாவது மனதில் வைத்துக்கொள்ளும்.

நான் கிளம்பின அன்று காலை எல்லாரும் முழங்கால் போட்டோம். பிரயாணம் என்றால் எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் செருப்புக்குள் கால் போக மாட்டோம். பியூலாவை ஜெபிக்கச் சொன்னேன். நன்றாக ஜெபிப்பாள். அம்மாவைப் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்துவிடும் என்றாள். அண்ணன் வீட்டை ஆசீர்வதியும் என்றாள். மதினிக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, ஆசீருக்கு, ஷாரனுக்கு, அந்த வெள்ளைத் தாடிக்காரர் பரீட்சைக்குக்கூட ஜெபித்தாள். ஆமென் என்று எழுந்துவிட்டாள். உனக்கு ஒன்றும் கேட்கவில்லையே மக்கா என்றேன். "எனக்கு இப்ப ஒண்ணும் கேக்கத் தோணலம்மா" என்றாள். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள். தனக்கென்று ஒன்றுமே கேட்காத மனசு எத்தனை பேருக்கு வரும்?

ஆனால் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். விமான நிலையத்துக்கு அவள் வரவில்லை. பாடத்தை விடுவதற்குக் கல்லூரியில் ஏதோ கையெழுத்துப் போட வேண்டுமாம், அன்றைக்குத்தான் கடைசி நாளாம். போகிற வழியில் என்னை விட்டுவிட்டுப் போகலாமே என்றேன். ஆசீர் கூட்டிக்கொண்டு போவார், நீ போய்வா என்று சொல்லிவிட்டாள். என்னைக் கட்டிப் பிடித்தாள், முத்தம் கொடுத்தாள், எல்லாம் செய்தாள். ஷாரனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பெரிய பை தோளில் இல்லை. பை இல்லாமல் பார்க்க யாரோ மாதிரி இருந்தது. பெற்ற தாயை வழியனுப்பக்கூட வரவில்லையே என்று விமானம் பூராவும் எனக்கு அழுகை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா துடைக்கக் காகிதம் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

இப்போது சொல்லுங்கள். பொங்கலுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருந்தால் அது பொய்யாகிவிடாதா? நான் பொய் சொல்கிறவள் இல்லை.

இருங்கள் அக்கா, அவள்தான். அவளேதான் கூப்பிடுகிறாள். அங்கே இப்போது காலை.

"சொல்லு மக்கா... இறங்கிட்டேன், இறங்கிட்டேன்... ஏதோ குடுத்தான், சாப்பிட்டேன்... தனியா இல்ல, பக்கத்துல ஒரு அக்கா இருக்காக, கும்பகோணம், பேசிக்கிட்டு இருக்கோம்... ஷாரன் எந்திரிச்சிட்டாளா... தேடுனாளா... கட்டிலுக்கு அடியிலயும் பாத்தாளா... என் செல்லம்... சரி, நீ காலேஜுக்குக் கிளம்பலியா, நேரமாகல... ஆமா. ஆமா மக்கா, மறந்துட்டேன்... அண்ணனா? பேசினான். இப்பத்தான் பேசினான்... எல்லாம் ரெடியாம்... ஆமா, அடுத்த வாரம்தான்... சரி, படம் எடுத்து அனுப்பச் சொல்லுதேன்... நான் கதவு திறக்கறதயும் எடுக்கச் சொல்லுதேன்... பால் பொங்குறதயும்... சரி மக்கா. நீ சாப்பிடு. வச்சிருதேன்."

கேட்டீர்கள்தானே. சொல்ல வாயெடுத்தேன் அக்கா. வரவில்லை. அண்ணன் வீட்டு வேலையெல்லாம் முடிந்ததா, நீ வருவது அவனுக்குச் சந்தோஷமா என்று இரண்டு தடவை கேட்டாள். நான் அத்தனை தூரம் போவது வீணாகிவிடக் கூடாதாம். அப்படிக் கேட்கிற பிள்ளையிடம் என்ன சொல்ல?

உங்களைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டார். போய்வாருங்கள். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கும்பகோணம் போனதும் உங்கள் கோவிலில் என் மகளுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். பேர் பியூலா, நினைவிருக்குமல்லவா? என்ன கேட்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்களே பார்த்துக் கேளுங்கள். நானே கேட்கலாம்தான். ஆனால் அவள் விஷயத்தில் நான் கேட்டதையெல்லாம் கர்த்தர் அப்படியே கொடுத்திருக்கிறார் அக்கா. இந்த ஒரு தடவை வேறு யாராவது கேட்கட்டும்.